பதினாறாவது ஆடு

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் ஆடுபுலி ஆடிய பெரியவர்களைப்போல் பிழைக்கத் தெரியாதவர்கள் உண்டா? 3 புலி, 15 ஆடு. கரித்துண்டால் கட்டம் கிழித்து, புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஒருவருக்கும் காலணா வருமானமில்லை. பஸ் ஏறினால் சிவகாசி, அங்கே அத்தனை அச்சகங்கள். பதினாறாவது ஆட்டைப் பெட்டியில் போட்டு விற்கலாம் என்று ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லையே!

தோன்றியது அமெரிக்காவில். ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2012-ல் 'எக்ஸ்-விங்' என்ற விண்கப்பல் சண்டை விளையாட்டைக் கொண்டுவந்தது. ஸ்டார் வார்ஸ் கப்பல்கள், வர்ணம் பூசித் தயாராக. தன் கப்பல் எப்படித் திரும்பும் என்பதை ஒவ்வொருவரும் சின்ன வட்டில் ரகசியமாகத் திருகி வைத்து, பிறகு காட்டி நகர்த்த வேண்டும். எதிராளியின் மனசைப் படிக்கிற ஆட்டம். நிஜமாகவே நல்ல ஆட்டம். அதோடு விட்டிருந்தால் புளியங்கொட்டைக் கதைதான். விடவில்லை, அங்கேதான் மேதைமை.

முதல் பெட்டியில் மூன்றே கப்பல்கள். ஒரு கப்பலுக்கு வலுச் சேர்க்கும் அட்டை இன்னொரு கப்பலின் பெட்டிக்குள் இருக்கும். பேரரசர் பால்பட்டீனின் அட்டை வேண்டுமா? 'இம்பீரியல் ரெய்டர்' என்ற பெருங்கப்பலை வாங்குங்கள், அன்றைய விலை ஏறக்குறைய 100 டாலர். அன்றைய வழக்கமான போட்டியில் பேரரசர் ஆடலாம், அவர் வந்த கப்பல் ஆடக் கூடாது. அதனால் என்ன, அலமாரிக்கு அழகுதானே! நம் வீட்டு அலங்காரம்வரை யோசிக்கிற அக்கறை யாருக்கு வரும்?

2018-ல் இரண்டாம் பதிப்பு. பழைய கப்பல்களைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, பெருந்தன்மை. அவற்றுக்கான புது அட்டைகளையும் வட்டுகளையும் தனிப் பெட்டியாகக் காசுக்குக் கொடுத்தார்கள். போன மாதம் வாங்கிய பால்கோவா இனிக்க வேண்டுமானால் இந்த மாதச் சர்க்கரையை வாங்கு என்று சொல்லும் துணிவு நம்மூர்க் கடைக்காரர் எவருக்காவது உண்டா? ஒவ்வொரு கப்பலையும் களமிறக்க ஆகும் புள்ளிக் கணக்கையும் அட்டையிலிருந்து எடுத்துச் செயலிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று ஜெயிக்கவைத்த கப்பல் இன்று கட்டுப்படியாகாமல் போகலாம். வாங்கியவருக்குச் சலிப்புத் தட்டக் கூடாது பாருங்கள். நம் புலியோ தலைமுறை தலைமுறையாக அதே பலத்தோடு நிற்கிறது, சோம்பேறி.

2024-ல், அப்போது ஆட்டத்தைக் கவனித்துவந்த அட்டாமிக் மாஸ் கேம்ஸ், இனிப் புதிதாக எதுவும் வராது என்று அறிவித்தது. 12 வருடமாக வாங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு இப்போதுதான் உட்கார்ந்து ஆட நேரம் கிடைத்திருக்கிறது. அந்த உபகாரத்துக்கு மட்டும் விலை வைக்கவில்லை.