பங்காளி போட்ட நாற்காலி

வா பேராண்டி. பெருங்களத்தூர்ல பதினோராவது மாடியில வீடு வாங்கி, ஹால்ல போட 'மிட் செஞ்சுரி' நாற்காலி தேடுறியாமே? உங்கம்மா சொன்னா. ஏதோ பல்லவன் காலத்துச் சமாச்சாரமாக்கும்னு நினைச்சேன். போட்டோவைப் பார்த்தா, அட, சர்க்கார் ஆபீஸ்ல மத்தியானச் சோத்துக்கு அப்புறம் ஹெட்கிளார்க்கு கண்ணயர்ற நாற்காலி!

இளக்காரமாச் சொல்லலப்பா. அதுக்கு வம்சாவளி இருக்கு. சண்டிகர் பட்டணத்துக்குப் பிளான் போட்டாரே லெ கொர்பூசியே, அவரோட பங்காளி பியர் ஜான்னரே. 1951ல வந்த மனுஷன் 1965 வரைக்கும் அங்கேயே தங்கி, ஆபீசு, கோர்ட்டு, யுனிவர்சிட்டின்னு எல்லா இடத்துக்கும் நாற்காலி போட்டுக் குடுத்தார். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கவுத்துப்போட்ட 'வி' மாதிரி காலு. கை ஆடுது, பின்னல் கிழிஞ்சுதுன்னு நம்மாளுங்க கொல்லையில குவிச்சு, காயலாங்கடை விலைக்கு ஏலம் விட்டாங்க. வெளிநாட்டான் அள்ளிட்டுப் போய்ப் பாலிஷ் போட்டு லட்சக்கணக்குல வித்தான். 2011ல உள்துறை முழிச்சுக்கிட்டு, இனி வெளியே போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. போனது போனதுதான்.

இதுல கூத்து என்னன்னா, ஆபீஸ் பேரும் நம்பரும் பெயிண்டுல எழுதியிருந்தா இன்னும் கூட விலையாம். நீ வாங்கறதுலயும் நம்பர் இருந்தா நகத்தால சுரண்டிப் பாரு. நேத்து ராத்திரி எழுதின பெயிண்டுன்னா விரல்ல ஒட்டும்.

சண்டிகர் நாற்காலிதான் வேணும்னு அவ்வளவு தூரம் எதுக்கு? வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போ. கழுத்துல தொங்குதே கம்பெனிப் பட்டை, அதைக் கழட்டி வச்சிட்டுப் போ. கடைக்காரன் அதைப் பார்த்துட்டுத்தான் விலையே சொல்லுவான். நாற்காலியைப் பார்த்ததும் "வாவ்"னு வாயைப் பொளக்காதே. பக்கத்துல இருக்கற அம்மிக்கல்லை விலை கேளு. அப்புறம் போற போக்குல நாற்காலியைக் கவுத்துப் போட்டுப் பாரு. மேல பாலிஷ் பொய் சொல்லும், அடிவயிறு சொல்லாது. ஸ்க்ரூ தலையில ஒரே கோடு இருந்தா பழசு. கூட்டல் குறி இருந்தா பின்னாடி எவனோ கை வச்சிருக்கான். சட்டத்தைச் சுத்தி ஓட்டை போட்டுப் பிரம்பு கோத்திருந்தா கையால பின்னினது. காடி வெட்டி ரெடிமேட் ஷீட்டைப் பசை போட்டு அமுக்கியிருந்தா, அதுக்கேத்த விலை கேளு. கிழிஞ்ச பின்னலுக்குப் பயப்படாதே. பிரம்பை ஊறவச்சுப் பின்ன இன்னும் ஆள் இருக்கு. மூட்டு ஆடினாலும் பிரிச்சு ஒட்டலாம். உளுத்துப் போனதை மட்டும் தொடாதே.

உன் வீட்டுல இருக்கே, மரத்தூளைப் பசையில குழைச்சு அழுத்தின பலகை சாமானு, அதோட லட்சணத்தை 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ல பார்த்தோம். அடையாறு வீட்டுக்குள்ள வந்தப்போ பீரோவெல்லாம் ஊறி ரவா உப்புமா மாதிரி உதிர்ந்துச்சு. தேக்கை அலம்பி நிழல்ல காயவச்சு எடுத்தாங்க. பதினோராவது மாடிக்கு ஆறு வராதுங்கறியா? சரி, மேல்வீட்டுக்காரன் பாத்ரூம் ஒழுகாதா?

ஏசி காத்து நேரா படற இடத்துல போடாதே, பிரம்பு வறண்டு பட்டுபட்டுனு அறுந்துடும். அப்பப்போ அடிப்பக்கம் ஈரத்துணியால ஒத்தி எடு. முக்கியமா, அதுல உட்காரு. துவைச்ச துணியைக் குவிச்சு வைக்கறதுக்கு இவ்வளவு பணம் போடாதே.

லோடு ஆட்டோக்காரன் கேட்டா, தாத்தா வீட்டுப் பழைய சாமான்னு சொல்லு. நிஜ விலையைச் சொன்னே, கூலியை ஏத்திடுவான்.