நூற்றுக்குப் பத்து: மின்சார அமைச்சகத்துக்கு ஒரு விக்ஞாபனம்

புது தில்லியில் எழுந்தருளியிருக்கும் மத்திய மின்சார அமைச்சகத்தின் சமூகத்துக்கு, தேசத்தின் தென்கோடிப் பிரஜை ஒருவன் எழுதிக்கொள்வது.

இருளைப் போக்குவதற்கு விளக்கேற்றுவது ஒன்றே உபாயம் என்று ஆதிகாலந்தொட்டு நம்பிவந்த பாமர ஜனங்களுக்கு, இலக்கணத்தைத் திருத்தினாலும் இருள் போகும் என்று நிரூபித்துக் காட்டிய ஸ்தாபனம் தங்களுடையதேயாகையால், அந்த மகிமையை நாலு வார்த்தை புகழ்ந்து எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

1997-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வரையில் வழங்கிய விதிப்படி, ஒரு கிராமத்தின் ரெவினியூ எல்லைக்குள் எந்த மூலையிலாவது, எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் உபயோகமானால் அது மின்சாரம் பெற்ற கிராமம். ஊருக்குப் புறத்தே பெரிய பண்ணைக்காரர் கிணற்றில் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தால், ஊருக்குள்ளே அத்தனை வீடுகளிலும் மண்ணெண்ணெய்ச் சிம்னி புகைந்தபோதிலும், சர்க்கார் தஸ்தாவேஜில் அவ்வூர் ஜகஜ்ஜோதிதான். இவ்வளவு தாராளம் ஆகாதென்று, குடியிருப்புக்குள்ளாவது மின்சாரம் நுழைய வேண்டுமென்று பிற்பாடு திருத்தினீர்கள். 2004-இல் அதையும் திருத்தி, டிரான்ஸ்பார்மரும் கம்பியும் ஊருக்குள்ளும் தலித் குடியிருப்பிலும் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், சுகாதார நிலையம் முதலிய பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும், இவற்றோடு நூற்றுக்குப் பத்து வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்று நிர்ணயித்தீர்கள். பந்தியில் நூறு பேரை உட்கார்த்திப் பத்து இலைக்குப் பரிமாறிவிட்டு, எல்லோர் கையிலும் தாம்பூலத்தைக் கொடுத்து அனுப்பும் சம்பந்தியை எங்கள் பக்கத்தில் ஜன்மத்துக்கும் மறக்கமாட்டார்கள், தங்களையும் மறக்கமாட்டார்கள்.

2015-ஆம் வருஷத்துச் சுதந்திர தினத்தன்று, மின்சாரம் எட்டாத 18,452 கிராமங்களுக்கும் ஆயிரம் நாளில் அதைக் கொண்டுசேர்ப்போம் என்று செங்கோட்டையில் பிரதம மந்திரி சங்கற்பம் செய்தார். அந்த ஜாபிதாவில் ஆளே இல்லாத ஊர்கள் பலவும், மாடு மேயும் புல்தரைகள் சிலவும் கலந்திருந்தன என்பது பிற்பாடு தெரியவந்தது. மாடுகள் விண்ணப்பம் போடவில்லையாகையால் அவற்றைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை முடித்து, 2018 ஏப்ரல் 28-ஆம் தேதி மணிப்பூரின் லெய்சாங் என்ற மலைக்கிராமத்தோடு தேசத்துக் கிராமங்கள் யாவும் மின்சாரம் பெற்றுவிட்டதாகப் பிரகடனமும் செய்தாயிற்று. ஆனால் அதற்கு ஏழு மாசம் முன்னால், 2017 செப்டம்பரில், வீடு வீடாக இணைப்புக் கொடுக்கும் ‘சௌபாக்யா’ திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, இன்னும் சுமார் 4 கோடி வீடுகளில் விளக்கில்லை என்று கணக்குச் சொன்னதும் தாங்களே. ஊர்கள் யாவற்றிலும் வெளிச்சம் இருக்க, அவ்வூர்களின் வீடுகளில் மட்டும் இருட்டு இருக்கும் இந்த அத்வைத நிலையை விளக்க சாஸ்திரம் படித்தவர்களாலேயே முடியும்.

உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் ஜில்லாவில் நக்லா ஃபதேலா என்று ஓர் ஊர். தில்லியிலிருந்து மூன்று மணி நேரத்துப் பிரயாணம்தான். ஆயினும் மின்சாரம் அங்கே போய்ச்சேர எழுபது வருஷம் பிடித்தது என்று 2016-ஆம் வருஷத்துச் சுதந்திர தின உரையில் அவ்வூரின் பெயர் ஒலித்தது. உடனே பத்திரிகைக்காரர்கள் ஓடிப்போய் விசாரித்தால், வீடுகளுக்கு முறையான இணைப்பு வரவில்லை, பம்புசெட்டுக்காகப் போட்ட கம்பியில் கொக்கி போட்டுத்தான் விளக்கு எரிக்கிறோம் என்று ஊரார் சொன்னார்கள். கொக்கி போடுவது குற்றந்தான்; அதை மறுக்கவில்லை. தலைக்கு மேலே கம்பி போகையில் பிள்ளையைச் சிம்னி வெளிச்சத்தில் படிக்கவைப்பது எவ்விதக் குற்றம் என்பதையும் தாங்களே தீர்மானியுங்கள்.

வேடிக்கையை ஒருபுறம் வைத்துப் பார்த்தால், ‘சௌபாக்யா’ திட்டம் ஒன்றரை வருஷத்தில் 2 கோடியே 62 லட்சம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தது சாமானியக் காரியமல்ல. கம்பி போகாத மலைக்காட்டு வீடுகளுக்குச் சூரியத் தகடும் ஐந்து எல்.இ.டி. விளக்கும் ஒரு மின்விசிறியும் கொடுப்பதென்று அதில் ஏற்பாடு செய்ததையும் மனசாரப் பாராட்டுகிறேன். குறையெல்லாம் கம்பியைப் பற்றியதன்று. கம்பிக்குள் ஓட வேண்டியதைப் பற்றியது. விநியோகக் கம்பெனிகள் பல, வாங்கும் விலையைவிடக் குறைந்த விலைக்குக் கிராமத்தில் விற்று, விற்றதற்கும் முழுப் பணம் வசூலாகாமல், யூனிட்டுக்கு இவ்வளவு நஷ்டம் என்று கணக்கெழுதுகின்றன. அப்படிப்பட்ட கம்பெனிக்குக் கிராமத்தில் விளக்கெரியும் ஒவ்வொரு மணியும் செலவு, அணைந்திருக்கும் ஒவ்வொரு மணியும் லாபம் என்றாகிவிடுகிறது. ஆகவே சாயங்காலம் தேவை உச்சத்துக்கு ஏறும்போது கை முதலில் போவது கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரின் சுவிட்சுக்குத்தான். சுவிட்சை அணைப்பவர் பேரில் எனக்குக் கோபமில்லை. அவரும் மாதச் சம்பளக்காரர், அவர் வீட்டிலும் இருட்டாயிருக்கக்கூடும்.

சூரியன் இருக்கவே இருக்கிறானே என்பீர்கள். பீகாரில் ஜகானாபாத் ஜில்லாவிலுள்ள தர்னாய் கிராமத்தில் 2014-இல், தர்ம ஸ்தாபனங்கள் கூடி 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தன. பல்லாண்டு இருட்டிலிருந்த ஊர் நன்றி சொல்லாமல், அசல் மின்சாரம் வேண்டும், போலி மின்சாரம் வேண்டாம் என்று கோஷம் போட்டது. கேட்பதற்குச் செய்ந்நன்றி கொன்ற பேச்சாகத் தோன்றும். ஆனால் இந்தச் சூரிய மின்சாரத்துக்கு விலை கூடுதல், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை மாட்டக்கூடாது என்ற நிபந்தனை வேறு, சர்க்கார் மின்சாரமோ மலிவு, பட்டணத்தார் உபயோகிப்பதும் அதுவே. ஏழைக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு எதற்கு என்று அவர்கள் கேட்டதில் நியாயமில்லாமலில்லை. சர்க்கார் கம்பி வந்தது. சில வருஷத்தில் சூரிய நிலையம் முடங்கி, தகடுகளுக்குக் கீழே மாடு கட்டலானார்கள். கம்பியோடு அந்தத் தகடுகளையும் பிணைத்து, மிஞ்சியதை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தால் மாட்டுக்கு வேறு கொட்டகை கிடைத்திருக்கும்.

ஆகவே, 2020-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமை விதிகளில் நாள் முழுவதும், இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் கொடுக்கக் கடவது என்று தாங்களே எழுதியிருப்பதால், கிராமம் கிராமமாகச் சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரை விளக்கு எத்தனை நிமிஷம் எரிந்தது என்பதற்கு ஜாபிதாவில் ஒரு பத்தி சேர்க்க வேண்டுமென்றும், அதைச் சரிபார்க்க வரும் உத்தியோகஸ்தர் பகல் பன்னிரண்டு மணிக்கு வராமல் விளக்கு வைக்கும் வேளையில் வர வேண்டுமென்றும் கோருகிறேன். அந்த நாலு மணி நேரத்துக்கு 240 நிமிஷம். அதில் நூற்றுக்குப் பத்து, அதாவது 24 நிமிஷம் எரிந்தால் இரவெல்லாம் எரிந்ததாகக் கொள்ளப்படும் என்று புதிதாக ஒரு சூத்திரம் செய்துவிடாமலிருக்கும்படியும் வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இலக்கணத்தின் நெடுநாள் மாணாக்கன்