ஒட்டுப்போர்வையும் பொசஷன் தேதியும்: கேம்ப்பிலிருந்து ஓர் ஆய்வு

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்த முன்னோர், பொசஷனுக்குக் காத்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் பில்டர் இல்லை. இக்கட்டுரை அந்தக் குறையை ஊசி நூல் கொண்டு அடைக்க முயல்கிறது.

ஆய்வுக் களம் புனே கேம்ப். 1817இல் கட்கிப் போரில் பேஷ்வா தோற்றபின் ஆங்கிலேயர் தம் படையை நிறுத்திவைத்த பகுதி. படையோடு தையல்காரரும் வந்தார்கள். ஆங்கிலேயர் போனபின்னும் தையல்காரர் போகவில்லை. எம்.ஜி. ரோட்டிலும் ஃபேஷன் ஸ்ட்ரீட்டிலும் இன்றும் துணிக்குப் பஞ்சமில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுக்கு மராத்தியில் ‘சிந்தி’ என்று பெயர். தமிழ்ச் செவிக்குச் சிந்தியது போலவே ஒலிக்கும் இச்சொல்லை ஆய்வாளர் எழுந்து நின்று வணங்க வேண்டும்.

ஆய்வுக்கு உட்பட்டவர், சென்டர் ஸ்ட்ரீட்டில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ் வீட்டம்மா என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே ஒரு படுக்கையறை ஃபிளாட் புக் செய்திருக்கிறார். குடி பாட்வாவுக்குச் சாவி என்றார்கள். பிறகு தசரா என்றார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லை, புது வீட்டில் சுவரே இல்லை. கை சும்மா இருக்குமா? பழைய புடவையை எடுத்துச் சதுரமாக வெட்டத் தொடங்கினார்.

“கடையில ரஜாய் கிடைக்காதா?” என்று மாமியார் கேட்டார். கிடைக்கும். கடையில் காத்திருப்பு கிடைக்காது.

அக்கம்பக்கத்து மராத்தி வீடுகளில் இதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. பழைய நூல்புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையலால் பிணைக்கும் கோதடி அங்கே பாட்டி வழிச் சொத்து. வங்காளத்தில் இதன் உறவுக்காரி காந்தா, பீகாரில் சுஜனி, சிந்துப் பக்கம் ரல்லி. காந்தாவுக்கும் நம் கந்தைக்கும் மூலம் ஒன்றே, வடமொழியின் ‘கந்தா’. ஆனால் அக்காள் கண்காட்சிக்குப் போய் விலைச்சீட்டு மாட்டிக்கொண்டாள். தங்கை இன்னும் பழமொழிக்குள் கசங்கிக்கொண்டிருக்கிறாள்.

புதிய இருப்பிடத்துக்குப் போகும் வழியில் ஒட்டுப்போர்வை தைத்தவர்களுக்கு முதன்மைச் சான்று ‘ராஜா’ என்ற கப்பல். 1841 ஏப்ரல் 5 அன்று இங்கிலாந்திலிருந்து 180 பெண் கைதிகளோடு கிளம்பி, ஜூலை 19 அன்று ஹோபார்ட் சேர்ந்தது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் ஃப்ரையின் குழு ஒவ்வொருத்திக்கும் ஊசி, நூல், இரண்டு பவுண்டு ஒட்டுத்துணி கொடுத்து அனுப்பியது. கப்பலில் 2,815 துண்டுகள் ஒரு போர்வையாயின. இன்று அது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. போகும் வீட்டை அவர்களும் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய கப்பல் நகர்ந்தது. 105 நாளில் கரை வந்தது. நம் ஆய்வுக்கு இந்த எண் முக்கியம்.

ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் பணியாற்றிய படைவீரர் பிரான்சிஸ் பிரேலி, சீருடைக் கம்பளித் துணியைத் துண்டு துண்டாக்கித் தைத்த போர்வை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டோன்மென்ட் வாழ்க்கையில் போரைவிட மதியப் பொழுதுகளே அதிகம்.

இனிக் கணக்கு. இரட்டைக் கட்டிலுக்கு 90க்கு 99 அங்குலம் வேண்டும். மூன்று அங்குலச் சதுரமென்றால் 990 சதுரங்கள். தையலுக்குள் போகும் கால் அங்குலத்தை நாற்புறமும் சேர்த்து மூன்றரையாக வெட்ட வேண்டும். இதற்கு ஒன்றரைப் புடவைகூடத் தேவைப்படாது. ஆனால் அப்படி வெட்டித் தைத்தால் கிடைப்பது அதே புடவைதான், அதிகக் காயங்களோடு. ஆகவே சிந்தி சேர்க்க வேண்டும், புதுத்துணியை ஒருமுறை நனைத்துச் சாயமும் சுருக்கமும் பார்க்க வேண்டும்.

சதுரங்கள் ஒன்றையொன்று தொடும் ஓரங்கள் 1,917. மொத்தத் தையல் 479 அடி. மாடிக்குப் பத்தடி வீதம் 47 மாடி உயரம்! பில்டர் ஏழாவது ஸ்லாப்பில் நிற்கும்போது வீட்டம்மா 47 மாடி ஏறியிருக்கிறார். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் 46,008 தையல். ஓர் ஓரத்துக்கு மூன்று நிமிடம், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 96 நாள்.

96 நாள் என்பது ஏறத்தாழ ஒரு காலாண்டு. 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம் பில்டர் தம் பணி நிலவரத்தை இணையத்தில் பதிவேற்றச் சொல்வதும் காலாண்டுக்கு ஒருமுறைதான். தற்செயல் என்று தள்ள ஆய்வுலகம் ஒப்பாது. தாமதத்துக்கு மாதந்தோறும் வட்டி உண்டு என்கிறது 18ஆம் பிரிவு. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் என்றால் கெடு நீளலாம் என்கிறது 6ஆம் பிரிவு. ஊசி தொலைந்தால், கண்ணாடி உடைந்தால், மாமியார் ஊரிலிருந்து வந்தால் வீட்டம்மாவுக்குச் சலுகை தரும் பிரிவு எதுவுமில்லை. இருந்தும் அவர் கெடு தவறியதில்லை.

எனவே இக்கட்டுரை ஒரு புதிய அளவையை முன்மொழிகிறது: ஒரு காலாண்டுத் தாமதம் ஒரு போர்வை. ‘ஒன்பது மாதம் தள்ளிப்போகிறது’ என்று பில்டர் அலுவலகத்தில் சொன்னால் மனம் கொதிக்கும். ‘மூன்று போர்வை’ என்றால் எழுந்து நூல் வாங்கப் போகலாம்.

இந்த அளவையில் ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஃபிளாட்டில் படுக்கையறை ஒன்று, கட்டில் ஒன்று. வீட்டம்மா ஐந்தாவது போர்வைக்குச் சதுரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். முந்தைய நான்கையும் வைக்கப் புது வீட்டில் பரண் உண்டா என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அதன் மடிப்பு கிழிந்திருந்தது. அதையும் தைத்துவிட்டார்.