கிரேடு ஒன்று

பி.பி.டி. எனும் பிசியோதெரபிப் பட்டப்படிப்பின் செய்முறைத் தேர்வுக்குப் போகும் மாணவியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைக் கோட்டு இஸ்திரி கலையக் கூடாது. ரெக்கார்டு நோட்டில் துறைத் தலைவரின் கையெழுத்து இல்லையென்றால் வாசலோடு சரி. உள்ளே நோயாளி இருப்பார். அன்றைக்கு நோயாளி கிடைக்கவில்லையென்றால் வகுப்புத் தோழியே படுத்திருப்பாள். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் நடுப்புள்ளி முழங்காலின் எந்த எலும்பு முனையில் உட்காருகிறது என்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து பார்ப்பார். விரற்கடை தள்ளிப்போனால் மதிப்பெண் போச்சு. பிறகு வைவா. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளையும் வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். ஏழாவதில் திக்கினால் எட்டாவதிலிருந்து கேட்பார்கள்.

எழுத்துத் தேர்வில் 50 விழுக்காடு வேண்டும். செய்முறையில் தனியாக 50. அதில் 90, இதில் 49 என்றால் கூட்டிக் கழித்துப் பார்க்கிற பேச்சே கிடையாது. அரியர். கட்டணத்தைக் கட்டு, அடுத்த முறை வா.

கறார்தான். இருக்கட்டும். பக்கவாதம் வந்து கிடக்கும் நம் அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கப் போகிறவள் அவள். வலுவிழந்த கையைப் பிடித்துத் தெரியாத்தனமாக இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். ஆகவே துருவித் துருவிக் கேளுங்கள். பொதுஜனத்துக்கு இதில் ஒரு புகாரும் இல்லை.

அவள் பாஸாகி, பயிற்சிக்காலமும் முடித்து, ஊருக்கு வருகிறாள். அதே தெருவில் பளபளவென்று ஒரு போர்டு. ‘பக்கவாதம், மூட்டுவலி, முதுகுவலி: நவீன பிசியோ சென்டர்’. நடத்துகிறவர் ஏதோ ஒரு கிளினிக்கில் மெஷினுக்கு ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்தவர். எழுதிய தேர்வு: இல்லை. வைவா: இல்லை. அரியர்: அறவே இல்லை. இவள் நரம்புகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் அவர் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய சென்டரில்தான் இவளுக்கு வேலை கிடைக்கும். சம்பளத்தை அவர்தான் முடிவு செய்வார்.

இதைக் கேட்க நாதியில்லையா? உண்டு. சட்டமே உண்டு. தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம், 2021. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்கே நுரையீரல் பயிற்சி தேவை. நல்ல சட்டம், ஐயமில்லை. தகுதி உள்ளவர்களைப் பதிவேட்டில் ஏற்று. ஏறாதவர்கள் தொழில் செய்யக் கூடாது. மாநிலந்தோறும் ஆறே மாதத்தில் ஒரு கவுன்சில் அமை. இவ்வளவுதான் பாடத்திட்டம். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்ட தேர்வு.

விடைத்தாள் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மேஜைக்கு வந்தது. மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. கவுன்சில் அமைத்திருந்தவை 14 மாநிலங்கள். அந்தப் பதினான்கும் செயல்படுகிற மாதிரித் தெரியவில்லை என்றது நீதிமன்றம். அக்டோபர் 12-க்குள் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவாருங்கள் என்று கெடு வைத்தது. ஆறு மாதப் பாடத்தை மூன்று வருடம் எழுதியும் பாஸாகாதவர்களுக்கு இரண்டு மாத சப்ளிமெண்டரி. மாணவிக்குக் காட்டாத கருணையெல்லாம் மொத்தமாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிசியோதெரபியில் தசை வலிமையை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. முதலாமாண்டைத் தாண்டிய எந்த மாணவரும் தூக்கத்தில் சொல்வார். தசை அசையவே இல்லையென்றால் கிரேடு 0. தொட்டுப் பார்த்தால் லேசாகத் துடிக்கிறது, ஆனால் மூட்டு நகரவில்லை என்றால் 1. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. நாம் அழுத்தியும் அசராமல் நின்றால் 5. இந்த அளவுகோலை நம் ஆட்சியாளர்களின் தொடையில் வைத்துப் பாருங்கள். அறிவிக்கை வெளியாகும்போது ஒரு துடிப்பு. கூட்டம் போட்டுப் போட்டோ எடுக்கும்போது இன்னொரு துடிப்பு. மூட்டு நகரவில்லை. கிரேடு 1. தாராளமாகப் போட்டால்.

வலிமைதான் இல்லையே தவிர, வளைவு அபாரம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட புதிய பாடத்திட்டம், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்றும் பின்னால் ‘பி.டி.’ என்றும் போட்டுக்கொள்ளலாம் என்றது. செப்டம்பர் 9-ஆம் தேதி அதே மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் ஒரு கடிதம் எழுதியது: போடக் கூடாது, இவர்கள் மருத்துவர்கள் அல்லர், போட்டால் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செப்டம்பர் 10-ஆம் தேதி அடுத்த கடிதம்: நேற்றைய கடிதம் வாபஸ், விஷயத்தை இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் முன்னாலும் பின்னாலும் இந்த அளவு வளையும் முதுகெலும்பு எந்த உடற்கூறியல் புத்தகத்திலும் கிடையாது. மாணவி விடைத்தாளில் அடித்து எழுதினால் முகம் சுளிக்கிறவர்கள், அரசு முத்திரையோடு அடித்து எழுதுகிறார்கள்.

அந்த ‘டாக்டர்’ சண்டையில் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. முழங்கால் மடங்காதவருக்கு மடங்க வேண்டும், அவ்வளவுதான். எரிச்சல் வேறு விஷயத்தில். படித்தவர் தன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதில் சங்கங்கள் கொதித்தன, இயக்ககம் துடித்தது, சட்டத்தைத் தேடி 1916 வரை போனார்கள். படிக்காமலே போர்டு மாட்டியவரைப் பற்றி ஒரு கடிதமாவது அந்த வேகத்தில் பறந்ததா? 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மேஜையிலேயே கிடந்ததே, அதை யாராவது தூசி தட்டினார்களா?

சரி, கோளாறு பிடிபட்டது, மருந்து என்ன? இன்னும் கொஞ்சம் தேர்வு. யாருக்கு? வேறு யாருக்கு, மாணவிக்குத்தான். உள்ளே நுழைய இனி நீட். நாலரை வருடப் படிப்பு ஐந்து வருடமாகிறது. வெளியே போகவும் நாடு முழுக்க ஒரே மாதிரித் தேர்வு வைக்க அந்த 2021 சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. (எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இதே மாதிரி ‘நெக்ஸ்ட்’ தேர்வை 2019-லேயே சட்டம் போட்டு அறிவித்தார்கள். மூன்று ஆண்டுக்குள் என்றார்கள். பெயரில் இருக்கிற நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் அது அடுத்த வருடம்தான்.)

கல்லூரிகளைச் சொல்லாமல் விட்டால் பாவம், கோபித்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று சில கல்லூரிகளின் எலெக்ட்ரோதெரபி லேபைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். இன்டர்ஃபெரன்ஷியல் மெஷின் உறை பிரிக்காமல் மின்னும். ட்ராக்‌ஷன் கட்டிலில் புது விரிப்பு. சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்கிற பேராசிரியர்கள் உடலோடு காட்சி தருவார்கள். வந்த குழு சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, காரேறும். மறுநாள் மெஷின் பீரோவுக்குள், சாவி முதல்வரின் மேஜைக்குள், பேராசிரியர் பட்டியலுக்குள். அந்த மெஷினில் எத்தனை எலெக்ட்ரோடு, எங்கே ஒட்டுவது என்று ஆண்டுக் கடைசியில் மாணவியிடம் கேட்பார்கள். தெரியாவிட்டால் ஃபெயில்.

மாணவி அரியர் வைத்தால் ஒவ்வொரு தாளுக்கும் தனியாகப் பணம், தவறினால் அபராதம், ரசீதில் சீல். கவுன்சில் அமைக்காமல் ஆறு மாதத்தை மூன்று வருடமாக இழுத்த மாநிலங்களின் அரியர் கட்டணத்தை எந்தக் கவுண்டரில் யார் கட்டினார்கள்? ரசீதைக் காட்டுங்கள். சீல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.