சூடு ஆறும் முன் மூடு

கேள்வி: ஒன்டாரியோவில் எங்கள் வீட்டு மேப்பிள் மரங்களில் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுகிறோம். அடுப்பிலிருந்து இறக்கியதும் பாட்டிலில் ஊற்றலாமா, ஆறவிட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சுமார் 40 லிட்டர் சாறு சுண்டினால்தான் 1 லிட்டர் பாகு. அவ்வளவு பாடுபட்டுவிட்டுப் பூஞ்சைக்கா பந்தி வைப்பது?

கம்பிப் பதம் பார்க்கும் விரலை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை நம்புங்கள். தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி கூடுதலாக, அதாவது சுமார் 104 டிகிரி செல்சியஸில் பாகு பதத்துக்கு வரும். சூட்டோடு வடிகட்டுங்கள். அடியில் மணல்போலத் தங்குவது மண்ணல்ல, சாற்றில் இருந்த தாது உப்பு. பிறகு 82 முதல் 88 டிகிரிக்குள் ஊற்றுங்கள். அதற்குக் கீழே போனால் பாட்டிலுக்குள் கிருமி பிழைத்துக்கொள்ளும். மறுபடி கொதிக்க விட்டால், வடித்தெடுத்த மணல் திரும்பப் பிறக்கும்!

கண்ணாடி பாட்டில் என்றால் முதலில் அதைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். மூடியதும் சற்று நேரம் படுக்கவையுங்கள். மூடியின் உட்புறத்துக்கும் சுடுபாகே வைத்தியம் செய்துவிடும். ஆறும்போது பாட்டில்களை நெருக்கி அடுக்காதீர்கள். சூடு உள்ளேயே தங்கினால் பாகு கறுத்துப்போகும்.