தலைகீழ் வாய்முகூர்த்தம்

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். ‘இன்னிக்கு மழைதான்டி’ என்று அவர் சொல்லிவிட்டால் மொட்டை மாடியில் காயும் வடாமை மற்றவர்கள் ஓடிப்போய் எடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு வாய்முகூர்த்தம். எனக்கும் உண்டு. என்னுடையது தலைகீழ். ஃபார்முலா 1 பந்தயத்தில் ‘இந்த டீம் அவ்வளவுதான்’ என்று நான் சொன்னால் கோப்பை அவர்களுக்குத்தான்.

இத்தனைக்கும் குருட்டாம்போக்கில் சொல்கிறவன் இல்லை. விதிகளைப் படித்துவிட்டுத்தான் சொல்வேன். அதிலும் சஸ்பென்ஷன் விதி என்றால் அதைப் படித்து முடிக்காமல் சாப்பாடு இறங்காது.

2006-ல் ரெனோ காரின் மூக்குக்குள் ஸ்பிரிங்கில் ஒரு எடையைப் பொருத்தியிருந்தார்கள். மாஸ் டேம்பர் என்று பெயர். கார் துள்ளும்போது அந்த எடை எதிர்த்திசையில் ஆடித் துள்ளலை அடக்கும். டயர் தரையை விடாது. சீசன் நடுவில், பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ அதைத் தடை செய்தது. நகரும் ஏரோடைனமிக் உறுப்பாம். மூக்குக்குள் காற்றே படாமல் கிடக்கும் இரும்புக்கும் ஏரோடைனமிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் இன்றும் சண்டைக்குத் தயார். அது கிடக்கட்டும். ‘ரெனோ ஓட்டுற அலோன்சோ முடிஞ்சார், இனிமே ஷூமாக்கர்தான்’ என்று அலுவலகத்தில் ஆறு பேருடன் பிரியாணிப் பந்தயம் கட்டினேன். இரண்டு பந்தயங்கள் மீதியிருந்தபோது இருவருக்கும் தலா 116 புள்ளிகள். சுசூகாவில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஷூமாக்கரின் என்ஜின் புகைந்தது. ஆறு பிரியாணி. ஒருவர் லெக் பீஸ் தனியாகக் கேட்டார்.

2014-ல் இன்னும் மோசம். முன் சக்கர சஸ்பென்ஷனையும் பின் சக்கர சஸ்பென்ஷனையும் ஹைட்ராலிக் குழாயால் இணைக்கும் ஃப்ரிக் என்ற ஏற்பாடு அப்போது இருந்தது. பிரேக் பிடித்தால் கார் மூக்கைக் குத்தாது. தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும். அடியில் காற்றோட்டம் கெடாது. ஜெர்மனி பந்தயத்துக்குச் சற்று முன்னால் அது விதிமீறல் என்று எஃப்ஐஏ சொல்ல, எல்லோரும் கழற்றினார்கள். ‘மெர்சிடிஸ் பலூன் உடைஞ்சது’ என்றேன். அந்த ஜெர்மனி பந்தயத்திலேயே மெர்சிடிஸின் ரோஸ்பெர்க் முதலிடம். வருட முடிவில் 19-ல் 16 வெற்றி.

விதியை வாசிப்பதென்றால் 1981-ல் பிரபாம் அணியின் கார்டன் மர்ரே வாசித்ததுபோல் வாசிக்க வேண்டும். காருக்கும் தரைக்கும் நடுவே 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது விதி. ஓடுகிற காரை யார் அளப்பது? நிற்கும்போதுதான் அளந்தார்கள். வேகம் எடுத்ததும் காற்றின் அழுத்தத்தில் தாழ்ந்து, வேகம் குறைந்ததும் மெல்ல எழும் சஸ்பென்ஷனை அவர் செய்துவிட்டார். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டி, போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்க்கிறோமே, அதே சாஸ்திரம். அந்த ஆண்டு பிரபாமின் ஓட்டுநர் பிக்கே ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். நானோ ஹெல்மெட் விஷயத்தில்கூட இரண்டு முறை பிடிபட்டவன்.

2022-ல் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனுக்குத் தடை. அதோடு, அடியில் பாயும் காற்றே காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் வடிவம் திரும்பி வந்தது. எட்டு வருடம் தொடர்ந்து அணிகளுக்கான பட்டத்தை வாங்கிய மெர்சிடிஸுக்கு ஒன்பதாவதும் நிச்சயம் என்றேன். அந்தக் கார் நேர்ச்சாலையில் தவளைபோல் குதித்தது. உறிஞ்சல் கூடக் கூடத் தரையை நெருங்கும், நெருங்கியதும் காற்று அடைபடும், பிடி விட்டு மேலே எழும், மறுபடி உறிஞ்சும். பாகுவில் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்த ஆண்டு மெர்சிடிஸுக்கு ஒரே வெற்றி, அதுவும் பிரேசிலில் ரஸ்ஸலுக்கு.

முதுகு என்றதும் வீட்டு விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பந்தயக் காரின் சஸ்பென்ஷன் விறைப்பாக இருக்கும் என்று படித்த ஞானத்தில், என் பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரை ஐந்தாவது ஸ்டெப்புக்கு முறுக்கினேன். மறுநாள் மனைவி பின்னால், அவள் மடியில் சாம்பார் தூக்கு. முதல் வேகத்தடையில் சாம்பாரில் பாதி என் முதுகில். ‘ஏங்க, வண்டிய என்ன பண்ணீங்க?’ என்றாள். பதில் சொல்லாமல் மெக்கானிக்கிடம் போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ‘சார், இது மூட்டை ஏத்துறவங்களுக்கு’ என்று இரண்டாவது ஸ்டெப்புக்கு இறக்கினார். காசு வாங்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

2026-க்கு எல்லா விதியும் மறுபடி மாறியிருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று அலுவலகத்தில் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்லும் அணியை விட்டுவிட்டுப் பந்தயம் கட்டத்தான். எந்த அணியைச் சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். அந்த அணிமேல் எனக்கு இன்னும் கொஞ்சம் பாசம் இருக்கிறது.