ஆள் குறைந்தால் ஆட்டம் கூடும்

சில்லில் ஏறிய வீடு மட்டக்களப்பில் எங்கள் நாவற்குடாவுக்குப் புதிதல்ல. பெத்தப்பாவிடம் ஒரு கூடார வண்டில் இருந்தது. மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு அதில்தான் குடும்பம் புறப்படும். அடித்தட்டில் முழங்கை ஆழத்துக்கு வைக்கோல், அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பன்பாய், பாயின்மேல் பெத்தம்மாவும் மாமிமாரும், அவர்கள் மடியில் நாங்கள். பின்பக்கம் அரிசி, தேங்காய், சட்டிபானை. அச்சுக்குக் கீழே அரிக்கன் லாம்பு. சமைப்பது, சாப்பிடுவது, படுப்பது, கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது எல்லாம் அந்த வண்டிலோடுதான். இன்றைக்கு இதே ஏற்பாட்டைக் கேம்பர் வான் என்று சொல்லி, நாள் வாடகை பேசி, முற்பணமும் வாங்குகிறார்கள்.

வண்டிலின் சத்தத்தைச் சொல்ல வேண்டும். மரச்சில்லு, அதைச் சுற்றி இரும்புப் பட்டை, கீழே கிறவல் வீதி. வில் என்ற பேச்சே இல்லை. குதிரை வண்டிக்கு எஃகு வில் பூட்டும் வழக்கம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவிவிட்டது. பெல்பாஸ்டில் ஜோன் டன்லொப் என்ற மிருக வைத்தியர், மகனுடைய மூன்று சில்லுச் சைக்கிள் குலுங்குகிறதே என்று காற்றடைத்த டயர் செய்து, 1888இல் காப்புரிமையும் எடுத்துக்கொண்டார். இவை ஒன்றும் பெத்தப்பாவின் வண்டிலுக்கு வந்து சேரவில்லை. இரும்பு கல்லில் அரையும், அச்சு கீச்சிடும், மாட்டின் கழுத்தில் மணி அடிக்கும். மணியைக் கழற்றலாமா என்று யாரும் கேட்டதில்லை. இருட்டில் எதிரே வரும் வண்டிலுக்கும் குறுக்கே நிற்கும் மிருகத்துக்கும் அதுதான் ஹோர்ன். இத்தனைக்கும் நடுவில், களுவாஞ்சிகுடி வருமுன் எல்லாரும் நல்ல நித்திரை. குருமண்வெளியில், பாதை என்னும் மிதவையில் ஏற்றி வாவியைக் கடத்தும்போதுதான் எழுப்புவார்கள். அக்கரையில் மண்டூர். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார். அவ்வளவு சத்தத்தில் போய் அவ்வளவு மௌனத்தில் கும்பிட்டு வருவதில் எங்களுக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

வண்டில் போய் வான் வந்தது. 1990களில் மட்டக்களப்பு – கல்முனை வீதியில் டொல்பின் வானில் போனவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. டொயோட்டா ஹயேஸ் 1989இல் எடுத்த வடிவத்துக்கு எங்கள் நாட்டார் வைத்த செல்லப் பெயர் அது. பதினான்கு சீற், ஏறுகிறவர்கள் இருபத்தைந்து. முன்சீற்றுக்கு அடியிலேயே டீசல் எஞ்சின். வீதி முழுக்கக் குண்டும் குழியும். கல்லடியில் 1924ஆம் ஆண்டின் லேடி மன்னிங் பாலம்; ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், ஏறினால் பாலமும் வானும் சேர்ந்து அதிரும். இரவானால் சோதனைச் சாவடிக்கு முன் ஹெட்லைட்டை அணைத்து, உள்லைட்டைப் போட்டு, ஊர்ந்து போக வேண்டும். அந்த நேரம் மட்டும் இருபத்தைந்து பேரும் மூச்சுக்காட்ட மாட்டார்கள். சாவடி தாண்டியதும் பக்கத்தில் இருப்பவரின் தோளில் சாய்ந்து உறங்குவார்கள். வான் உலுப்புகிறது என்று முறைப்பட்ட ஒருவரையும் எனக்கு ஞாபகமில்லை. முறைப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் வரிசையாக வந்தன. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, வெளியே நிற்பவர் பேசுவது உள்ளே கேட்காதபடி போனார்கள். வாகனத்துக்குள் சத்தம் இல்லாமல் இருப்பதும் ஓர் அந்தஸ்து என்று ஊர் அப்போதுதான் அறிந்தது. யுத்தம் முடிந்தது, வீதி காபட் ஆனது, 2013இல் கல்லடிக்குப் புதுப் பாலம், 2014இல் மண்முனைக்குப் பாலம். வீதி வழுவழுப்பாக ஆக ஆக எங்கள் முதுகு நோகத் தொடங்கியது.

என் மருமகன் சுவிஸிலிருந்து வந்து நிற்பவன். அறுகம்பேக்கு அலையேற வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று கல்முனைப் பக்கம் ஒரு பழைய டொல்பினை வாங்கினான். வீதியில் ஆளேற்றி உழைத்து ஓய்ந்த வான். சீற் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு பேர் படுக்கக் கட்டில், சின்ன பிறிட்ஜ், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, அலுமாரி என்று பூட்டினான். அழகான வேலை. பொத்துவில் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவன் பெண்சாதி இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் இருந்தாள். “மாமா, உங்கட மருமகன்ட வானில நான் இனி ஏறமாட்டன். மண்டைக்குள்ள இன்னும் ஓடுது” என்றாள்.

மருமகன் சத்தத்தின்மேல் போர் தொடுத்தான். தகட்டில் ஒட்டும் பியூட்டைல் தாள் கொழும்பிலிருந்து வந்தது. ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் கறுப்புப் பசை. நல்ல சாமான்தான், குறை சொல்வதற்கில்லை. வானின் பக்கத் தகட்டை விரல் மொழியால் தட்டினால் ‘டங்’ என்று நீள ஒலிக்கும். நடுவில் ஒரு துண்டு ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தட்டினால் ‘டொக்’ என்று செத்துவிடும். தகட்டின் அதிர்வைப் பசை வாங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: தகட்டின் நடுவில் கால்வாசி இடத்தில் ஒட்டினாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மருமகன் கால்வாசியோடு நிற்கிற ஆளா? கூரை, கதவு, அடித்தட்டு, சில்லு மூடி என்று ஒரு விரற்கடை விடாமல் ஒட்டினான். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கிலோ. ஆளில்லாத வானுக்குள் ஓர் ஆளின் பாரத்தைத் தாளாக ஏற்றிவைத்தான். அதன்மேல் நுரைத்தாள், அதன்மேல் காபட். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த்தாள் மலிவு, அதையே வாங்கு என்று ஒருவர் யோசனை சொன்னார், நல்லகாலம் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் அது உருகி வழிந்து, வான் முழுக்கத் தார் மணத்திருக்கும்.

சத்தம் குறைந்தது. குறைந்ததும் புதுப் பிரச்சினை. எஞ்சின் இரைச்சலுக்குக் கீழே அதுவரை ஒளிந்திருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக எழும்பின. இழுப்பறைக்குள் கரண்டி. அடுப்பின்மேல் இரும்புக் கட்டை. பீங்கானோடு பீங்கான். அலுமாரிக் கொக்கி. ஜன்னல் கண்ணாடி. பீங்கான்களுக்கு நடுவே துணி வைத்தான், கரண்டியைத் துவாயில் சுற்றினான், கொக்கிக்குப் பஞ்சு ஒட்டினான். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மூடும் என்பது ஒலியியலில் பாலபாடம். பெத்தப்பாவின் வண்டிலில் சட்டிபானை கிலுங்கியது ஒருவருக்கும் கேட்காததன் காரணமும் அதுதான்.

கடைசியில் ஒரு கட்டத்தில் கரண்டி அடங்கியது. வான் குலுங்குவது மட்டும் அப்படியே இருந்தது. காபட் வீதியில்கூடப் பாலத்தின் இணைப்பில் ஏறினால் பின்பக்கம் துள்ளி விழும்.

எங்கள் பகுதியில் ஒரு கராஜ்காரப் பாஸ் இருக்கிறார். வயதானவர், அளந்து பேசுகிறவர். வானை ஓடவிட்டு, நீட்டு ஸ்குறூ றைவரின் நுனியை எஞ்சின் கட்டையில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். வாவியில் மீன் பாடுவதைக் கேட்க, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைப்பார்களே, அதே கலை. காற்றில் வராத சத்தம் திண்மப் பொருளில் வரும். எஞ்சின் தாங்கியின் றபர் ஒன்று செத்துப்போயிருந்தது. எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள றபரும் பாதி இல்லை. அந்த இடுக்கால் சூடும் சத்தமும் நேரே முன்சீற்றுக்கு வந்துகொண்டிருந்தன. சுவர் முழுக்கத் தாள் ஒட்டிவிட்டு வாசலைத் திறந்துவைத்திருந்தோம். இடுக்கு எவ்வளவு சின்னதானாலும் சத்தம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

பிறகு வானுக்கு அடியில் படுத்துப் பின்சில்லின் வில்லை விரலால் எண்ணினார். எண்ணி முடித்து வெளியே வந்து, சாரத்தைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

“தம்பி, இந்த வானுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட் கூடப் போட்டிருக்கு. இருபத்தஞ்சு பேரத் தாங்க எண்டு பழைய ஆள் போட்டது. அந்த இருபத்தஞ்சு பேரும் எங்க?”

மருமகன் கட்டிலையும் பிறிட்ஜையும் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

பாஸ் சொன்னதைப் புத்தகமும் சொல்கிறது. ஒரு வாகனம் வில்லின்மேல் எவ்வளவு வேகமாக ஆடும் என்பதை, வில்லின் விறைப்பும் அது சுமக்கும் பாரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. செக்கனுக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை ஆடினால் மனித உடம்புக்கு அது தாலாட்டு. விறைத்த வில்லில் பாரம் குறைந்தால் ஆட்டம் வேகமாகி, வெடுக்கென்று வெட்டத் தொடங்கும். வீதியின் சின்ன மேடுபள்ளமும் வில்லில் நிற்காமல் மேலே வரும். செக்கனுக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையான குலுக்கம்தான் உட்கார்ந்திருப்பவரின் வயிற்றையும் முதுகையும் மிகவும் வருத்துவது. ஆக, அன்றைக்கு ஆள்மேல் ஆள் ஏறியபோது அந்த வில் மெத்தென்று அமிழ்ந்து வேலை செய்தது. இன்றைக்கு இரண்டு பேரும் ஒரு மெத்தையும். வில்லுக்குத் தான் சுமப்பதே தெரியாது.

சத்தத்துக்கும் இதே கணக்கு. 1895இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம், எதிரொலி தாங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைத் திருத்தச் சொன்னார்கள். அவர் இரவிரவாகப் பக்கத்து அரங்கின் மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்துவிட்டு, விடியுமுன் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தையை மட்டுமல்ல, ஆட்களையும் இருத்தி அளந்தார். ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார் என்று கண்டார். எங்கள் மாமிமாரைக் கூறைச்சேலையோடு இருத்தி அளந்திருந்தால் கூடவே வந்திருக்கும். மருமகன் கொழும்பிலிருந்து காசு கொடுத்து இறக்கிய வேலையை அந்தக் காலத்தில் சொந்தக்காரர் இலவசமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

பாஸ் கூடுதல் பிளேட்டைக் கழற்றினார். மற்றவற்றைப் பிரித்து, துருவைத் தேய்த்து, கிறீஸ் பூசி, புஷ்களை மாற்றிப் பூட்டினார். சொக் அப்சோபர் நான்கும் புதிது. எஞ்சின் தாங்கி, மூடி றபர், கதவு றபர். அடுத்தது டயர். பெற்றோல் செட்டில் பொடியன் வான் என்று கண்டால் பழக்கத்தில் பாரவண்டிக் காற்றை அடித்துவிடுகிறான்; கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து, ஏற்றும் பாரத்துக்கு ஏற்றபடி வைத்ததும் பாதிக் குலுக்கம் அங்கேயே நின்றது. அந்த அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. எங்கள் வெயிலில் டயர் சூடேறி வெடிக்கும். மொத்தச் செலவு ஒட்டுத்தாளின் விலையில் அரைவாசியும் வரவில்லை. மருமகனுக்கு அதுதான் மனவருத்தம்.

இப்போது வான் நன்றாக ஓடுகிறது. அவ்வளவு அமைதி வந்தபின் மருமகன் செய்த முதல் வேலை, நான்கு ஸ்பீக்கர் பூட்டியது.

வாடகைக்குப் போகாத நாட்களில் வான் வாசலில் நின்றது. ஒழுங்கைப் பெண்கள் விட்டுவைப்பார்களா? மண்டூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப் போ என்று வந்துவிட்டார்கள். கட்டிலைக் கழற்றி, பழைய சீற்றில் இரண்டு வரிசையைத் தேடிப் பூட்டினான். வான் நிறைய ஆட்கள், பட்டிருப்புப் பாலத்தால் படுவான்கரைக்கு ஏறி, வெல்லாவெளி வழியாகப் போனோம். மருமகனின் பெண்சாதிதான் முதலில் நித்திரையானாள். பக்கத்தில் இருந்த மாமி, அவளுடைய தலையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு, நித்திரை கலையாமல் முழு வழியும் கதைத்துக்கொண்டே வந்தார்.

பழைய வான் வாங்கி வீடாக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தாள் வாங்குமுன் வில்லை எண்ணுங்கள், காற்றை அளவிடுங்கள், றபரைத் தடவிப் பாருங்கள். தாளைக் கடைசியில் கால்வாசி ஒட்டுங்கள். மிச்சக் காசை பாஸிடம் கொடுங்கள். வாவிக் காற்று உப்புக் காற்று, துணிப் பஞ்சு வகையைத் தகட்டோடு சேர்த்து அடைத்தால் ஈரம் பிடித்துத் துரு தின்னும். அடுத்த முறை மண்டூருக்கு வருகிறவர்கள் நேரத்தோடு சொல்லிவையுங்கள், பின்வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது.